சிகிச்சை நடக்கும் வீட்டில் செப்பனிடும் வேலை

"வீட்டைக் கட்டிப்பார்; கல்யாணத்தைச் செய்துபார்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். மும்பையில் குடியேறிய நம்மவரில் பெரும்பாலோருக்கு வீட்டைக் கட்டிப்பார்க்கும் வாய்ப்பு இல்லை. இருக்கின்ற ஓர் அறையைச் செப்பனிட்டுப் பார்ப்பதே அவர்களுக்குக் கிட்டும் அனுபவம். தாராவியில் ஒழுகும் கூரைத் தகட்டை மாற்றுதல், படிக்கும் பெண்ணுக்கென மேலே ஒரு பரண் போடுதல். மாதுங்காவில் பாட்டன் காலத்து வாடகைக் குடியிருப்பில் சமையலறைத் தளத்தைக் கொத்தி எடுத்துப் புதுக் கல் பதித்தல். செம்பூரில் குளியலறைக் கசிவை அடைத்தல். இவை இன்று நினைத்து நாளை முடிக்கும் காரியங்கள் அல்ல. சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்து, மேஸ்திரியைப் பிடித்து, அண்டை வீட்டாரிடம் நயந்து பேசி, மழைக்கு முன் முடிய வேண்டுமே என்று நாட்களை எண்ணி மேற்கொள்ளும் காரியங்கள்.

அவ்வாறு நாள் குறித்திருக்கும் வேளையில் வீட்டில் தாய்க்கோ தந்தைக்கோ புற்றுநோய் என்று மருத்துவர் கூறிவிட்டால் என்ன செய்வது? வேலையை நிறுத்துவதா, நடத்துவதா? இக்கேள்வி சிறிதெனத் தோன்றலாம். உயிர்ப்போராட்டம் நடக்கும் இடத்தில் கூரைத் தகட்டைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் சினக்கவும் கூடும். ஆயினும், நிறுத்தினாலும் நோயாளிக்குத் தீங்கு நேரலாம், அறியாமல் நடத்தினாலும் தீங்கு நேரலாம் என்பதால், இதனைச் சற்று விரிவாகவே ஆராய எண்ணுகிறோம்.

மும்பைவாழ் தமிழருக்குப் புற்றுநோய் என்றவுடன் நினைவுக்கு வருவது பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனை. இதன் தோற்றமே ஒரு குடும்பத் துயரத்திலிருந்து எழுந்தது. சர் தோராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் இரத்தப் புற்றுநோய்க்கு ஆளாகி 1931 இல் மறைந்தார். மறு ஆண்டிலேயே தோராப்ஜியும் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை 1941 பிப்ரவரி 28 அன்று 80 படுக்கைகளுடன் இம்மருத்துவமனையைத் திறந்தது. 1957 இல் மத்திய அரசு இதனை ஏற்றது. 1962 முதல் அணுசக்தித் துறையின் பொறுப்பில் இருந்து வருகிறது. மருத்துவமனை அமைந்துள்ள சாலைக்கு, அங்கே அரும்பணியாற்றிய டாக்டர் எர்னஸ்ட் போர்ஜஸ் என்பாரின் பெயரையே சூட்டியிருக்கின்றனர். நெடுந்தொலைவிலிருந்து வரும் நோயாளிகள் தாதரில் உள்ள காட்கே மகராஜ் தர்மசாலையிலும் பிற விடுதிகளிலும் தங்கி மருத்துவம் பெறுகின்றனர்.

தாராவி, மாதுங்கா, செம்பூர் வாசிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. சயானிலோ மாதுங்காவிலோ ரயில் ஏறினால் தாதரை அடுத்து பரேல். காலையில் போய் மருந்தை ஏற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்பிவிடலாம். இது பெரும் பேறுதான். ஆனால் இதனால் விளைவது ஒன்று உண்டு. மருந்து ஏறும் சில மணி நேரம் மட்டுமே மருத்துவமனையில் கழிகிறது. மருந்து உடலில் வேலை செய்யும் மூன்று வாரமும் வீட்டில் கழிகிறது. ஆகவே அந்த வீடு எப்படி இருக்கிறது என்பதும் மருத்துவத்தில் ஒரு பகுதியாகிவிடுகிறது.

விளக்கத்தின் பொருட்டு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தாராவியில் ஓர் அறையும் சிறு மோரியும் கொண்ட வீடு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவரின் பேரப்பிள்ளைகள். தந்தை விடியற்காலையில் இட்டிலிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்கிறார். தாய் மாவரைத்து அவித்துக் கொடுக்கிறார். மகன் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகவிருக்கிறாள். கூரைத் தகடு இரு இடங்களில் வெடித்திருக்கிறது. அதனை மாற்றவும், மகள் அமர்ந்து படிக்கப் பரண் போடவும், தீபாவளிக்கு முன் வெள்ளையடிக்கவும் பணம் சேர்த்து வருகின்றனர். இந்நிலையில் தாய்க்கு மார்பில் கட்டி. பிப்ரவரியில் அறுவை முடிந்தது. மார்ச் முதல் நாள் தொடங்கி மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக எட்டுத் தவணை கீமோ, அதன்பின் கதிரியக்கச் சிகிச்சை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இச்செய்தியைக் கேட்டவுடன் பெரும்பாலான குடும்பங்கள் செய்வது, எல்லா வேலையையும் நிறுத்துவதே. "அம்மாவுக்கு முதலில் நல்லபடி ஆகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். சொல்பவரின் அன்பில் ஐயமில்லை. ஆனால் மழை காத்திருக்காது. தென்மேற்குப் பருவமழை மும்பையை எட்டும் நாள் ஏறக்குறைய ஜூன் 11 என்று வானிலைத் துறையினர் கணித்திருக்கின்றனர். எட்டுத் தவணை முடிய ஜூலை இறுதியாகும். ஆக, கடைசி மூன்று தவணைகள் கொட்டும் மழையில் நடைபெறும். வெடித்த தகட்டின் வழியே நீர் சுவரில் இறங்கி, சுவர் ஊறி, மூலையில் கரும்பச்சையாகப் பூஞ்சணம் படரும். நல்ல உடல்நிலையில் உள்ளோர்க்கு அது வெறும் அருவருப்பு. கீமோ நடக்கும் உடலுக்கு அதுவே பகை. கூரையை விட்டுவைப்பது தாயைக் காப்பதாகாது.

வேலையை நிறுத்துவதில் இன்னொரு தீங்கும் உண்டு. அது கண்ணுக்குப் புலப்படாதது. நம் குடும்பங்களில் நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லாமல் மறைப்போர் இன்றும் உளர். வாயால் மறைத்தாலும் வீடு சொல்லிக் காட்டிவிடும். நேற்றுவரை பேசிய பரண் பேச்சு இன்று திடீரென நின்றுபோனால், படுக்கையில் இருப்பவர் அதன் பொருளைத் தாமே கூட்டிக்கொள்வார். இதற்கு நேர்மாறாக, "அம்மா இருக்கும்போதே முடித்துவிடுவோம்" என்று அடுத்த ஆண்டு செய்ய நினைத்ததை இம்மாதமே செய்ய முனைவோரும் உண்டு. மகளின் கல்யாணத்தைக்கூட இவ்வாறு அவசரப்படுத்துவார்கள். அந்த வேகத்துக்கும் அதே பொருளைத்தான் நோயாளி கொள்வார். நம் கருத்தில், நிறுத்துவதைவிட இந்த அவசரம் பொல்லாதது. முன்பு எந்த நடையில் வீட்டுக் காரியங்கள் நடந்தனவோ, கூடுமானவரை அதே நடையில் நடத்துவது நலம்.

சரி, நடத்துவது என்றால் கொத்தனாரை அழைத்து உடனே இடிக்கத் தொடங்கிவிடலாமா? இங்கேதான் அறிந்துகொள்ள வேண்டிய மருத்துவச் செய்தி வருகிறது.

கீமோ மருந்து, விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்கும் இயல்புடையது. புற்றுநோய் அணுக்கள் அவ்வாறு பெருகுபவை. ஆனால் எலும்பு மஜ்ஜையில் உண்டாகும் இரத்த அணுக்களும் அத்தகையனவே. ஆதலால் மருந்து ஏறிய சில நாட்களில் நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்கும் வெள்ளை அணுக்கள் குறையத் தொடங்குகின்றன. பெரும்பாலான மருந்துகளில் ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை அவை மிகத் தாழ்ந்து நிற்கும். பிறகு மெல்ல ஏறி மூன்றாம் வார முடிவில் பழைய நிலையை ஒட்டி வரும். அடுத்த தவணைக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்வது, அவை ஏறிவிட்டனவா என்று காண்பதற்கே. ஏறவில்லையெனில் தவணையைத் தள்ளிவைப்பார்கள்.

இனி, புழுதியைப் பற்றி ஒரு சொல். பழஞ்சுவரை இடிக்கும்போதும், பரணில் பல்லாண்டு கிடந்த சாமான்களை இறக்கும்போதும் எழும் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் கண்ணுக்குத் தெரியாத வித்துகள் கலந்திருக்கும். நாம் அனைவரும் அன்றாடம் அவற்றைச் சுவாசிக்கிறோம். வெள்ளை அணுக்கள் அவற்றை நுரையீரலிலேயே அழித்துவிடுகின்றன. அந்தக் காவலர் இல்லாத நாட்களில் உட்புகும் வித்து நுரையீரலிலேயே முளைத்துவிடக் கூடும். அதனால் விளையும் நோய் உயிரையும் மாய்க்க வல்லது. உலகெங்கும் மருத்துவமனைகளில் கட்டிட வேலை நடக்கும்போது, இரத்தப் புற்றுநோயாளிகள் இருக்கும் பகுதியைத் தடுப்புப் போட்டு அடைப்பது இக்காரணம் பற்றியே. மருத்துவமனை அஞ்சும் ஒன்றை நாம் பத்தடி அறையில் அஞ்சாமல் செய்வது தகாது.

ஆகவே, கூரையையும் மாற்ற வேண்டும், தாயையும் புழுதியிலிருந்து காக்க வேண்டும். வழி, நாட்காட்டியில் இருக்கிறது.

நாம் கற்பனை செய்த குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். தவணைகள் மார்ச் 1, மார்ச் 22, ஏப்ரல் 12, மே 3, மே 24, ஜூன் 14, ஜூலை 5, ஜூலை 26. ஏப்ரல் 12 இல் ஏறும் மருந்துக்கு ஏப்ரல் 19 முதல் 26 வரை தாழ்ந்த காலம். 27 தொடங்கி மே முதல் நாள் வரை ஐந்து நாட்கள் ஓரளவு தேறிய காலம். கூரை வேலையை அந்த ஐந்து நாட்களில் வைத்துக்கொள்ளலாம். ஏதேனும் தடைப்பட்டால் மே 18 முதல் 23 வரை இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. அதையும் தவறவிட்டால் மழை வந்துவிடும். மே மாதத்தில் மேஸ்திரிகள் பலர் சொந்த ஊருக்குப் போய்விடுவர். இருப்பவரும் மழைக்கு முந்திய அவசரத்தால் கூலியை உயர்த்துவர். ஏப்ரல் முடிவே சிறந்தது.

தேறிய நாட்கள் என்பதற்காகத் தாயை அறையின் ஒரு மூலையில் அமர்த்திவிட்டு வேலை பார்ப்பது கூடாது. செம்பூரிலோ மாதுங்காவிலோ சித்தி வீடோ மாமா வீடோ இருந்தால் அந்த நாட்களுக்கு அங்கே அனுப்பிவிட வேண்டும். உறவினர் இல்லாதோர் அடுத்த தெருவில் நம்பகமான வீட்டைக் கேட்கலாம். நம்மவர் இதற்கெல்லாம் மறுப்பவர் அல்லர். முகமூடி அணிந்துகொண்டால் போதாதா எனச் சிலர் கேட்பர். என்-95 முகமூடி வழியில் போகும்போது உதவும். புழுதி நடுவே நாள் முழுதும் உட்கார்ந்திருக்க அது அனுமதிச் சீட்டாகாது. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. பெருக்கினால் படிந்த தூசி மீண்டும் எழும். ஈரத் துணியால் தரை, சுவர், அலமாரி, மின்விசிறி இறக்கை அனைத்தையும் இரு முறை துடைத்து, போர்வை தலையணை உறைகளை வெந்நீரில் துவைத்து, ஒரு நாள் கதவைத் திறந்து வைத்த பின்னரே நோயாளியை அழைத்து வருதல் வேண்டும். இத்திட்டத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுவதும் அவசியம். ஒவ்வொருவருக்கும் மருந்து வேறு, உடல் வேறு.

கூரைத் தகட்டைப் பற்றித் தனியே ஒரு எச்சரிக்கை. பத்ரா என்று மும்பையில் வழங்கும் கூரைத் தகடுகளில் சில இரும்பு. சில ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டுத் தகடுகள். ஆஸ்பெஸ்டாஸ் நாரே புற்றுநோயை உண்டாக்க வல்லது என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட உண்மை. அதனை அறுப்பதும் துளையிடுவதும் சம்மட்டியால் உடைப்பதும் வேலையாட்களுக்கும் வீட்டாருக்கும் கேடு. தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி முழுத் தகடாக இறக்கவேண்டும். கூடுமெனில் அதற்குப் பதிலாக வண்ணம் பூசிய இரும்புத் தகட்டைப் போடலாம். பணம் போதாத ஆண்டில் தகட்டையே மாற்றாமல், மேலே நல்ல தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிடுவதும் ஒரு தீர்வுதான். மழைக்காலத்தில் மும்பைக் குடிசைப் பகுதிகளை உயரத்திலிருந்து பார்த்தால் நீலக் கடல்போல் தோன்றுவது இந்தத் தார்ப்பாய்களால் அன்றோ? புழுதியே எழாத வேலை அது.

தாராவியில் வேறொரு தயக்கமும் இருக்கிறது. மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 இல் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது முதல், "இடிக்கப்போகும் வீட்டுக்கு எதற்குச் செலவு?" என்ற பேச்சு எழுந்திருக்கிறது. புது வீடு என்று கைக்கு வருமோ அன்று வரட்டும். இந்த ஜூன் மாத மழை இந்தக் கூரையின் மேல்தான் பெய்யும்.

மேலே சொன்ன கணக்கு எல்லாப் புற்றுநோய்க்கும் பொருந்தாது. கடும் இரத்தப் புற்றுநோய்க்குத் தரும் கீமோவில் வெள்ளை அணுக்கள் வாரக்கணக்கில் எழாமலே கிடக்கும். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றோரின் நிலை அதனினும் நொய்யது. இந்தியாவில் இச்சிகிச்சை 1983 இல் டாட்டா மருத்துவமனையிலேயே முதன்முதல் வெற்றியாக நடைபெற்றது. இத்தகைய நோயாளி உள்ள வீட்டில் மருத்துவர் விடைதரும்வரை ஆணிகூட அடிக்க வேண்டாம். பக்கத்து அறைக்காரர் சுவரை இடித்தாலும் நோயாளியை வேறிடம் கொண்டுசெல்ல வேண்டும். கூரை ஒழுகினால் தார்ப்பாய். அதற்கு மேல் எதுவும் கூடாது.

இதுவரை கூறியவை முன்பே திட்டமிட்டிருந்த வேலைகள். நோய் வந்தபின் புதிதாக முளைக்கும் வேலைகளும் உண்டு; அவற்றைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்போம். வீட்டுக்குள் கழிப்பிடம் இல்லாத தாராவிக் குடும்பத்தில், இரவு இரண்டு மணிக்கு வயிற்றுப்போக்கோடு பொதுக் கழிப்பிடத்துக்கு நடக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். மோரியின் ஒரு பக்கம் திரையிட்டு, இருக்கையில் துளையும் கீழே பாத்திரமும் கொண்ட கமோடு நாற்காலி ஒன்றை வைத்தால் அந்த நடை மிச்சமாகும். மருந்து ஏறிய இரண்டு நாட்களுக்குச் சிறுநீர், வாந்தி முதலியவற்றில் மருந்தின் கூறு கலந்திருக்கும் என்பதால் அவற்றை அகற்றுவோர் கையுறை அணிந்து, ஏராளமான நீர் விட்டுக் கழுவவேண்டும். செம்பூர், மாதுங்கா வீடுகளில் கழிப்பிடம் உண்டு; ஆனால் வழுவழுப்பான தளம். சுவரில் ஒரு கைப்பிடி பதிப்பது அரை மணி நேர வேலை.

கைப்பிடிக்குக் காரணம் தளர்ச்சி மட்டும் அன்று. மார்பகப் புற்றுநோய்க்குப் பின்னிட்ட தவணைகளில் தரும் பாக்லிடாக்சல் போன்ற மருந்துகள் விரல் நுனிகளையும் பாதங்களையும் மரத்துப்போகச் செய்யும். தரை ஈரமா, உலர்ந்ததா என்று பாதம் அறியாது. பாத்திரம் சுடுகிறது என்று விரல் அறியாது. இட்டிலிக் கொப்பரையின் மூடியை வெறுங்கையால் எடுத்தே பழகிய தாய், கொப்புளம் கிளம்பிய பின்னரே சுட்டதை உணர்வார். ஆகவே அடுப்பருகே இரண்டு கனத்த பிடிதுணிகளை ஆணியில் தொங்கவிடுவதும் இந்தச் சிகிச்சைக் காலத்து வீட்டு வேலைகளுள் ஒன்று. தண்ணீர்ப் பீப்பாய்க்கு இறுக்கமான மூடி, கட்டிலுக்குக் கொசுவலை இவையும் அப்படியே. மழைக்கால மும்பையில் டெங்கு, மலேரியா இரண்டும் உண்டு.

இட்டிலித் தொழிலை நிறுத்துவதா என்ற கேள்வியும் எழும். நிறுத்தினால் சாப்பாட்டுக்கு வழியில்லை. அறுவை நடந்த பக்கத்துக் கையால் சில வாரங்கள் கனமான மாவுப் பாத்திரத்தைத் தூக்கலாகாது. பின்னர் மருத்துவமனையில் கற்பிக்கும் பயிற்சியைச் செய்துகொண்டே சிறிது சிறிதாக வழக்கத்துக்கு வரலாம். அரைப்பதை மகனும் அவிப்பதைத் தந்தையும் ஏற்கட்டும். உப்புப் போதுமா, மாவு பொங்கிற்றா என்று பார்க்கும் அதிகாரம் மட்டும் தாயிடமே இருக்கட்டும். இது உபசாரப் பேச்சன்று. நோய் வந்தபின் நோயாளியிடமிருந்து வேலையை எடுத்துக்கொள்கிறோம். அதனோடு அவருடைய சொல்லையும் எடுத்துக்கொண்டுவிடுகிறோம். தகடு இரும்பா சிமெண்டா, பரணுக்கு ஏணி இடப்புறமா வலப்புறமா, மேஸ்திரிக்கு எவ்வளவு முன்பணம் என்று இருபது ஆண்டுகளாக அந்த வீட்டில் முடிவு செய்தவர் யாரோ, இப்போதும் அவரே முடிவு செய்ய வேண்டும். களைப்பால் "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு நாள் அவர் சொன்னால், அன்று விட்டுவிட்டு மறுநாள் கேட்கலாம்.

மருந்து ஏறிய முதல் வாரத்தில் வாசனைகள் குமட்டும். எண்ணெய் வண்ணத்தின் வாடை, டர்ப்பன்டைன் வாடை, புதுப் பலகையின் பசை வாடை எதுவும் அப்போது கூடாது. மாதுங்கா அன்பர்களுக்கு இன்னொரு சொல்: நவராத்திரிக்கு முன் கொலுப் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கும்போது எழும் ஓராண்டுத் தூசி, சிறு சுவரை இடித்த தூசிக்குக் குறைந்ததன்று. பெட்டிகளை வராந்தாவில் வைத்து, பழைய செய்தித்தாளை நனைத்துப் பிரியுங்கள்.

காய்ச்சலைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை மேலே கொண்டுசெல்ல இயலாது. வீட்டில் ஒரு வெப்பமானி இருத்தல் வேண்டும். கீமோ பெறுபவருக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் கண்டால், இரவானாலும் விடியலானாலும், வேலை பாதியில் கிடந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். மாத்திரை ஒன்றைக் கொடுத்துக் காலையில் பார்க்கலாம் என்பது இங்கே பொருந்தாது. மாத்திரை காய்ச்சலை மறைக்குமே தவிரக் கிருமியைத் தடுக்காது. வெள்ளை அணு இல்லாத உடலில் சில மணி நேரமும் பெரிது. டாக்சிக்கான பணத்தைச் சிகிச்சைக் கோப்பிலேயே ஒரு உறையில் போட்டு வைத்திருப்பது நல்ல பழக்கம்.

பணம் என்றவுடன், கூரைக்குச் சேர்த்த பணம் மருத்துவத்துக்குப் போய்விடுமே என்பதும் உண்மை. அரசின் காப்பீட்டுத் திட்டங்களும் ரயில் கட்டணச் சலுகையும் புற்றுநோயாளிகளுக்கு உண்டு. குடும்ப அட்டை மகாராஷ்டிரத்தில் இருக்கிறதா, தமிழ்நாட்டில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து வழி மாறும். மருத்துவமனையிலுள்ள சமூகப் பணித் துறையினரை முதல் வாரத்திலேயே கண்டு பேசுவது நலம். கையிருப்பு தீர்ந்தபின் போவதே நம்மவர் வழக்கமாக இருக்கிறது. அதன்பின்னும் பணம் குறைவாயின் வெள்ளையடிப்பு முதலில் நிற்கட்டும். அடுத்துப் பரண் நிற்கட்டும். கூரையும் கழிப்பிட வசதியும் நிற்கலாகாது.

சில குடும்பங்கள் தாயைச் சென்னைக்கு அழைத்துச் செல்ல எண்ணுவதுண்டு. அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தின் வரலாற்றை அறிந்தோர் அந்த எண்ணத்தைக் குறைகூற மாட்டார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923 இல் புற்றுநோயால் மறைந்தார். அத்துயரத்தை மறவாத அந்த அம்மையார் முப்பது ஆண்டுகள் முயன்று 1954 இல் 12 படுக்கைகளோடு அதனைத் தொடங்கினார். மருத்துவம் இரு நகரிலும் உண்டு. எங்கே உடனிருக்க ஆட்கள் உள்ளனர், எங்கே எட்டு மாதம் தொடர்ந்து தங்க முடியும் என்பதை வைத்து முடிவு செய்யலாம். இடையில் மருத்துவமனையை மாற்றுவதுதான் இடர்.

நம் குடும்பத்துக்கு மீள்வோம். ஜூலை 26 இல் எட்டாம் தவணை. ஆகஸ்டு முடிவில் இரத்த அணுக்கள் தேறியிருக்கும். செப்டம்பரில் கதிரியக்கச் சிகிச்சை. நம் ஊர்ப்பக்கத்தில் இதனைக் 'கரண்ட் வைத்தல்' என்பர். வாரத்தில் ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து வாரம், நாள்தோறும் பரேலுக்குப் போய்வர வேண்டும். வெளியிலிருந்து பாய்ச்சும் இக்கதிர் உடலில் தங்குவதில்லை. வீடு திரும்பும் தாயைத் தொடுவதாலோ, பேரக் குழந்தையை அவர் மடியில் வைத்துக்கொள்வதாலோ யாருக்கும் எதுவும் ஆகாது. குழந்தையைத் தள்ளிவைத்துத் தாயின் மனத்தைப் புண்படுத்துவோரைக் காணும்போது வருத்தமே மேலிடுகிறது.

பரண் வேலைக்கு இவ்வாரங்களே ஏற்றவை. பலகைகளைக் கடையிலேயே அளவாக அறுத்து வாங்கிவிட்டால் வீட்டில் அறுப்பு வேலை இல்லை. தாய் பரேலுக்குப் போயிருக்கும் நேரத்தில் தச்சர் வந்து பொருத்திவிட்டுப் போகலாம். மகள் ஏறி அமர்ந்து படிக்க அரையாண்டுத் தேர்வுக்கு முன் இடம் கிடைத்துவிடும். வெள்ளையடிப்பு இருக்கிறது. மழை அக்டோபர் முதல் இரண்டு வாரங்களில் விலகும். ஊறிய சுவர் உலர மேலும் சில நாட்கள் வேண்டும். ஈரச் சுவரில் அடித்த சுண்ணாம்பு பொரிந்துவிடும். எனவே தீபாவளியை ஒட்டி வைத்துக்கொள்வது பொருந்தும். கூரை போட்ட மேஸ்திரியையே இதற்கும் அழைத்தால் கூலி பேசுவது எளிது. சுவர் எங்கெங்கே ஊறியிருந்தது என்பதும் அவருக்குத் தெரியும்.